கலியாணத்துக்கு ஒரு மேஸ்திரி



"வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்" என்னும் பழமொழியைக் கேளாத தமிழர் இரார். இரண்டிலும் பணமும் உறக்கமும் ஒருசேரக் கரைவதால் அவற்றை ஒருங்கே சொல்லி வைத்தார்கள் போலும். ஆயினும் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு இருந்தது. வீடு கட்டுவதற்கு நாம் என்றும் ஒரு மேஸ்திரியை நம்பினோம். கலியாணத்துக்கு மேஸ்திரி வைத்ததில்லை. பெரியப்பா பந்தலைப் பார்த்துக்கொள்வார். சமையற்கட்டின் வாயிலில் மாமா நாற்காலி போட்டு அமர்ந்துவிடுவார். ஒன்றுவிட்ட அண்ணன்மார் நால்வர் பந்தியைக் கவனிப்பர். அத்தை ஒருத்தியிடம் உக்கிராணத்துச் சாவி இருக்கும். ஒருவருக்கும் கூலி கிடையாது. கோபம் மட்டும் உண்டு. அதுவும் சம்பந்திகள் ஊர் திரும்பும் முன் தணிந்துவிடும்.

பிழைப்பு நாடி வேற்று மாநிலங்களில் குடியேறிய நம்மவர்க்கு இந்த உறவுப் பெயர்கள் எல்லாம் இன்னும் இருக்கின்றன; ஆட்கள்தாம் அருகில் இல்லை. பெரியப்பா திருச்சியில்; மாமா கும்பகோணத்தில்; அண்ணன்மார் ஒருவர் புனேயிலும் ஒருவர் துபாயிலும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை வந்து, மறுநாள் பிற்பகல் வண்டி ஏறுவார்கள். அவர்களிடம் உக்கிராணத்துச் சாவியைக் கொடுப்பது எங்ஙனம்? இந்த வெற்றிடத்தில்தான் 'வெட்டிங் பிளானர்' என்று இன்று வழங்கும் திருமண ஏற்பாட்டாளர் வந்து நிற்கிறார். அவரை அமர்த்தலாமா, அமர்த்தினால் எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கலாகாது என்பவற்றைக் குறித்தே இன்று பேச எண்ணுகிறோம். எங்கள் அண்ணன் மகளின் திருமணத்தை மைசூருவில் நடத்தியபோது பட்டறிந்தவையே பெரும்பாலும்.

அமர்த்தலாமா என்பதற்கு விடை எளிது. தாராளமாக அமர்த்தலாம். காசு கொடுத்து ஆள் வைத்துக் கலியாணம் செய்வது குடும்பத்துக்கு இழுக்கு என்று சில பெரியவர்கள் முகம் சுளிப்பர். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சமையலைக் காண்ட்ராக்டில் விடும் வழக்கம் தமிழ்நாட்டிலேயே பல்லாண்டுகளாக வேரூன்றியது. 1960களில் ஆனந்த விகடனில் சாவி எழுதிய 'வாஷிங்டனில் திருமணம்' என்னும் நகைச்சுவைத் தொடர்கதையை நம்மில் பலர் படித்திருப்போம். அமெரிக்கச் சீமாட்டி ஒருத்தி பொருளை அள்ளி வழங்க, நம்மூர்ச் சடங்குகளும் சமையற்காரர்களும் கடல் கடந்து போவதாகக் கதை. அன்று சிரிப்பதற்காகச் சொல்லப்பட்ட அதே வேலையை இன்று பிழைப்பாகவே சிலர் செய்துவருகின்றனர். ஜப்பானியரோ திருமணச் சடங்கு, மணமக்கள் உடை, விருந்து, புகைப்படம் ஆகிய அனைத்தையும் ஒரே கூரையின் கீழ் முடித்துக் கொடுக்கும் மாளிகைகளை நெடுங்காலமாக நடத்திவருகிறார்கள்.

மைசூருவில் தமிழர் புதியவர் அல்லர். மண்டயம் ஐயங்கார், ஹெப்பார் ஐயங்கார் போன்றோர் பல தலைமுறைகளாக இந்தப் பக்கத்தில் வாழ்ந்து, தமிழின் ஒரு வகையை வீட்டுமொழியாகக் காத்துவருகின்றனர். எங்கள் அண்ணன் வேலையின் பொருட்டு இங்கு வந்து முப்பது ஆண்டு ஆயிற்று. அண்ணிக்குத் தேவராஜ மார்க்கெட்டில் பூக்காரிகள் எல்லாரும் தெரிந்தவர்கள். இருந்தும், மகளுக்குக் கலியாணம் என்று வந்தபோது சத்திரம் பிடிப்பதிலேயே இருவரும் இளைத்துப் போனார்கள். மூன்றாம் மாதம் அண்ணிக்கு இரத்த அழுத்தம் ஏறி மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்த பிறகுதான் அண்ணன் இசைந்தார். அமர்த்தியது மைசூருப் பெண் ஒருத்தியை. வயது முப்பதுக்குள் இருக்கும். கன்னடம் பேசுவாள், தமிழ் புரிந்துகொள்வாள்.

அந்தப் பெண்ணால் முதலில் விளைந்த நன்மை நாள் குறிப்பதில். இது வேற்று மாநிலத் தமிழர் அனைவரும் கருத வேண்டிய செய்தியாதலின் சற்று விரித்துச் சொல்கிறோம். நம் மாதக் கணக்கு கதிரவனைப் பின்பற்றுவது. கருநாடகத்துக் கணக்கு திங்களைப் பின்பற்றுவது. நமக்கு ஆடி ஆகாது. அவர்களுக்கு ஆஷாடம் ஆகாது. இரண்டும் ஒன்றே என்று எண்ணி மயங்குவோர் பலர். 2025ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஆஷாட மாதம் ஜூன் 26 முதல் ஜூலை 24 வரை. நம் ஆடியோ ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 16 வரை. இரண்டுக்கும் பொதுவான நாள்கள் எட்டே. இரு கணக்கையும் மதிக்கும் குடும்பத்துக்கு அவ்வாண்டில் ஜூன் 26 முதல் ஆகஸ்ட் 16 வரை 52 நாள்கள் அடைபட்டுப் போயின. ஆனால், நம் கணக்கு ஒன்றையே கொள்வோருக்கு ஜூன் 26க்குப் பிறகும் ஆனியில் மூன்று வாரங்கள் எஞ்சின. அந்த நாள்களில் மைசூரு மக்கள் ஆஷாட வெள்ளிக்குச் சாமுண்டி மலை ஏறிக்கொண்டிருப்பர். கலியாணச் சத்திரங்களில் கூட்டம் இராது. வாடகையிலும் சமையல் கூலியிலும் பேச இடமுண்டு. உள்ளூர்ப் புரோகிதர் அந்த நாள்களில் வர இசையமாட்டார். நம் பக்கத்துப் புரோகிதரை வரவழைக்க வேண்டியிருக்கும். அவர்களுக்கு இரண்டே முக்கால் ஆண்டுக்கு ஒரு முறை அளவில் அதிக மாதம் ஒன்றும் வரும். அதிலும் அவர்கள் மங்கல காரியம் செய்வதில்லை. தசரா நாள்களில் விடுதி அறைகள் கிடைப்பது அரிது. இவற்றையெல்லாம் அந்தப் பெண் ஒரே தாளில் எழுதிக்கொண்டு வந்து எங்கள் முன் வைத்தபோது, கொடுக்கும் கூலியில் பாதி அன்றே ஈடாகிவிட்டதாக அண்ணன் கூறினார்.

பொருள் வாங்குவதிலும் அவள் குறை வைக்கவில்லை. மைசூர் மல்லிகை எந்தக் கடையில் எத்தனை மணிக்கு இறங்கும், தாம்பூலத்துக்கு மைசூர் வெற்றிலையை எவரிடம் சொல்லி வைப்பது, நஞ்சன்கூட்டு ரசபாளைப் பழம் எல்லா இலைக்கும் போதுமா என்பனவெல்லாம் அவளுக்குப் பாடம். முகூர்த்தப் புடவை மட்டும் காஞ்சிபுரத்திலிருந்தே வந்தது. வரவேற்புக்கு மைசூர்ப் பட்டு என்று மணமகளே முடிவு செய்துவிட்டாள். 1912 முதல் நெசவுச்சாலை இயங்கிவரும் ஊரில் பிறந்த பெண், பின் என்ன செய்வாள்?

இனிப் பணத்தைப் பற்றி. ஏற்பாட்டாளர்கள் கூலி கேட்கும் முறை இரண்டு. முழு வேலைக்கும் இவ்வளவு என்று ஒரு தொகை பேசுவோர் சிலர். மொத்தச் செலவில் நூற்றுக்கு இவ்வளவு என்று பேசுவோர் சிலர். இரண்டாம் முறையில் செலவு ஏற ஏறக் கூலியும் ஏறும். சிக்கனம் சொல்ல வேண்டியவருக்குச் சிக்கனத்தால் நட்டம் என்றால் அவர் நாக்கு எப்படி எழும்? ஆகவே ஒரு தொகையாகப் பேசிக்கொள்வதே நலம் என்பது எங்கள் கருத்து. பூக்காரர், பந்தல்காரர், புகைப்படக்காரர் ஆகியோரிடம் அவர் தரகு பெறுகிறாரா என்பதையும் முதல் நாளே கூச்சமின்றிக் கேட்டுவிட வேண்டும். பெறுவது குற்றம் அன்று, மறைப்பதுதான் குற்றம்.

சத்திர வாடகை என்று சொல்லும் தொகை பெரும்பாலும் வெறும் கட்டடத்துக்கே. மின்சாரத்துக்கு மீட்டர்ப்படி, ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கில், பெருக்கித் துடைப்பதற்குத் தனியே, எரிவாயு உருளைக்குத் தனியே என்று பின்னால் ஒரு பட்டியல் வரும். மீட்டரில் உள்ள எண்ணைச் சாவி வாங்கும்போது ஒரு தரம், ஒப்படைக்கும்போது ஒரு தரம் குறித்துக்கொள்ளாத வீட்டார் பிற்பாடு வாய் திறக்க வழியில்லை. சாப்பாட்டுக் கணக்கு இலையைக் கொண்டு. குறைந்தது இத்தனை இலை என்று முன்பே ஒப்பியிருப்போம். அதற்கு மேல் விழும் ஒவ்வோர் இலைக்கும் பணம். எண்ணுகிறவர் சமையல்காரரின் ஆளாகவே இருந்தால் இலைகள் குட்டி போடும். வந்த இலைக்கட்டு எத்தனை, மிஞ்சியது எத்தனை என்று நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் பார்த்துக்கொண்டால் போதும். எங்கள் வீட்டில் அவ்வேலையைப் பொறியியல் படிக்கும் தம்பி மகன் ஏற்றான். விருந்தினரிடம் சிரித்துப் பேசுவதைக் காட்டிலும் அது அவனுக்கு உவப்பாகவும் இருந்தது.

ஒப்பந்தத்தை எழுத்தில் பெற வேண்டும் என்பதைக் கொரோனாக் காலம் நமக்குக் கற்பித்தது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் திருமணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடலாகாது என்று மைய அரசு வரையறுத்தபோது, ஆயிரம் பேருக்கு முன்பணம் கட்டியிருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். கலியாணம் தள்ளிப் போனால் முன்பணம் என்னவாகும் என்று ஒரு வரி எழுதியிருந்தவர்கள் தப்பினார்கள். வழக்கென்று வந்துவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நம்மைப் போன்றோர்க்கு ஒரு வசதி செய்திருக்கிறது. முறையீட்டாளர் தாம் வசிக்கும் அல்லது தொழில் புரியும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். சென்னையிலிருந்து வந்த அலங்காரக்காரர் ஏமாற்றினாலும் மைசூருவில் இருப்பவர் மைசூருவிலேயே கேட்கலாம். இரண்டு ஆண்டுக்குள் கேட்க வேண்டும்.

இவ்வளவும் ஒப்படைக்கத் தக்கவை. இனி, நாங்கள் ஒப்படைத்துப் பிழைபட்ட இரண்டினைச் சொல்கிறோம்.

முதலாவது வழி. ஊரிலிருந்து வருவோர் எவ்வழி வருவர், எப்போது சேர்வர் என்பதை நாங்கள் அப்பெண்ணின் அலுவலகத்தாரிடமே விட்டுவிட்டோம். இரயில் பயணச்சீட்டைப் பொறுத்தவரை அவர்கள் விழிப்பாகவே இருந்தார்கள். முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. சத்திரத்தை ஓராண்டுக்கு முன் பிடித்தாலும் சீட்டுக்குக் காத்திருக்கவே வேண்டும். சறுக்கியது சாலையில். நாதசுரக் குழுவினர் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வேனில் வருவதாக ஏற்பாடு. பிற்பகல் உதகையில் அவர்களுக்கு வேறொரு நிகழ்ச்சி. அதை முடித்துக்கொண்டு கூடலூர் வழியே இரவு பதினொரு மணிக்கெல்லாம் மைசூரு சேர்ந்துவிடுவார்கள் என்று தாளில் எழுதியிருந்தது. கைப்பேசியில் உள்ள வரைபடம் அவ்வாறே கூறியதாம். பந்திப்பூர்க் காட்டுச் சாலை 2009 முதல் இரவு 9 மணிக்கு அடைக்கப்பட்டுக் காலை 6 மணிக்குத்தான் திறக்கப்படுகிறது என்பதை அந்தத் தாள் அறியவில்லை. யானையும் புலியும் நடமாடும் வழி அது, அடைத்தது சரியே. வேன் சோதனைச் சாவடியை அடைந்தபோது மணி 9.20. எங்களுக்கு அந்த விதி தெரியாததா? முப்பது ஆண்டு மைசூருவில் இருந்த அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். தாளை அவர் படித்துப் பார்க்கவில்லை. "அந்தப் பெண் பார்த்துக்கொள்வாள்" என்று இருந்துவிட்டார். பிழை யாருடையது என்று அன்றிரவு இரண்டு மணி வரை பேசினோம்.

முகூர்த்தம் காலை எட்டுக்கு மேல் எட்டரைக்குள். வேன் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டாலும் முகூர்த்தத்துக்கு வந்து சேர இயலாது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் கன்னடர்; ஓய்வு பெற்ற ஆசிரியர். செய்தி கேட்டதும் அந்த நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி, தமக்குத் தெரிந்த வாலகக்காரர்களின் வீட்டுக் கதவைத் தட்டினார். விடியற்காலை ஐந்தரைக்கு நால்வர் வந்து அமர்ந்துவிட்டார்கள். எந்தச் சடங்குக்கு எதை வாசிப்பது என்பதில் முதலில் சற்றுத் தடுமாறினார்கள். தாலி கட்டும் நேரத்தில் அண்ணன் பதறிப் போய், "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்று தமிழில் கத்தினார். கன்னடத்திலும் அது 'கட்டிமேள'தான். தவில் முழங்கியது. கோவைக் குழுவினர் வந்து சேர்ந்தபோது இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. அவர்கள் சாப்பாட்டு நேரம் முழுவதும் வாசித்தார்கள். வாலகக்காரர் நால்வரும் முன்வரிசையில் அமர்ந்து தலையாட்டிக் கேட்டார்கள்.

இரண்டாவது அழைப்பு. இதைச் சொல்லும்போது இன்னும் எங்களுக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது.

விருந்தினர் பட்டியலை வாங்கிக்கொண்ட அலுவலகத்தார் அனைவருக்கும் கைப்பேசி வழியே அழகிய அழைப்புப் படம் ஒன்றை அனுப்பினார்கள். வருவீர்களா, எத்தனை பேர், அறை வேண்டுமா என்று மூன்று வினாக்கள். கணக்குக்கு அது மிக உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. அந்தப் பட்டியலில் கும்பகோணத்தில் இருக்கும் அண்ணியின் தமையனாரும் இருந்தார். மணமகளுக்குத் தாய்மாமன். படம் போய்ப் பத்து நாளாகியும் விடை வரவில்லை. அலுவலகத்திலிருந்து ஒரு பையன் தொலைபேசியில் அழைத்து, "சார், நீங்கள் விருந்தினர் எண் 143, இன்னும் பதில் தரவில்லை" என்று நினைவூட்டியிருக்கிறான். அவர் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார். அன்று மாலை அண்ணியை அழைத்து, "நான் யாரம்மா உங்களுக்கு? நூற்று நாற்பத்து மூன்றா?" என்று மட்டும் கேட்டார். அண்ணி தொலைபேசியைப் பிடித்தபடியே அழுதாள்.

இத்தனைக்கும் அண்ணனும் அண்ணியும் நேரில் போவதாகத்தான் இருந்தார்கள். இன்று நாளை என்று தள்ளிப் போயிற்று. எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது என்ற நிம்மதியில், தாங்கள் நடத்த வேண்டியதும் நடந்துவிட்டதாகத் தோன்றிவிட்டது. ஆகாசவாணி என்னும் பெயரே 1935இல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி தம் இல்லத்தில் தொடங்கிய வானொலி நிலையத்தின் வழியாக இந்த மைசூருவில்தான் வழங்கலாயிற்று. வான்வழியே செய்தி சொல்வதில் இவ்வூர் முந்தியது என்று பெருமை பேசும் எங்கள் அண்ணன், மைத்துனரை மட்டும் வான்வழியே அழைத்தது வினை ஆயிற்று.

மறுநாள் மாலையே இருவரும் தஞ்சாவூர் வழிச் செல்லும் வண்டியில் ஏறினார்கள். முன்பதிவு கிடைக்கவில்லை, அண்ணன் இரவெல்லாம் நின்றும் உட்கார்ந்தும் போனார். காலையில் குளித்துவிட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம், பத்திரிகை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். மாமா உள்ளேயிருந்து வரவில்லை. அவருடைய மனைவிதான் வந்து, "வெயிலில் ஏன் நிற்கிறீர்கள், உள்ளே வாருங்கள்" என்றார். அரை மணி நேரம் ஒருவரும் கலியாணப் பேச்சை எடுக்கவில்லை. பிறகு மாமா, "அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவனுக்கு என்ன தெரியும்? நீ ஒரு தரம் கூப்பிட்டிருக்கலாம்" என்று தங்கையிடம் சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டார். திருமணத்தன்று மருமகளைக் கைபிடித்து மணமேடைக்கு அழைத்து வந்தவர் அவரே. அவர் வராதிருந்தால், ஏற்பாட்டாளரின் பட்டியலில் ஓர் இலை குறைந்திருக்கும், அவ்வளவே. எங்கள் வீட்டில் குறைந்திருக்கக்கூடியதை எந்தத் தாளில் எழுதுவது?

இதனால் ஏற்பாட்டாளரே வேண்டா என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அடுத்த பெண்ணின் கலியாணத்துக்கும் அவளையே அமர்த்துவதாக அண்ணி இப்போதே கூறிவருகிறாள். அழைப்பும், வாசலில் நின்று "வாருங்கள்" என்பதும், யார் மனம் எங்கே நோகும் என்று அறிந்து நடப்பதும் வீட்டாருடைய வேலை. அலைச்சலையும் பேரத்தையும் அவளிடம் விட்டதனால்தான் கும்பகோணத்துக்கு ஓடிப் போக அண்ணனுக்கு ஒரு நாள் கிடைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சத்திரத்துக்கும் சமையல்காரருக்கும் தாமே அலைந்துகொண்டிருந்தால் அந்த நாளும் கிடைத்திராது.

கலியாணம் முடிந்த இரண்டாம் வாரம் கணக்குத் தீர்க்க அந்தப் பெண் வந்தாள். சத்திரத்து மீட்டர்க் கணக்கில் எங்கள் குறிப்புக்கும் அவர்கள் குறிப்புக்கும் சிறு வேறுபாடு. அவளே பேசித் தீர்த்து வைத்தாள். மிஞ்சிய இலைக்கட்டுகளுக்குச் சமையல்காரர் கழித்துக் கொடுத்தார். காப்பி குடித்துவிட்டுக் கைப்பையிலிருந்து அச்சடித்த படிவம் ஒன்றை எடுத்து, தமிழ்க் குடும்பங்களுக்கென்று புதிதாகச் சில வரிகள் சேர்க்கப் போவதாகச் சொன்னாள். காட்டுச் சாலை அடைக்கும் நேரம் அதில் ஏற்கெனவே ஏறியிருந்தது. "அந்த மாமாவுக்கு உங்கள் மொழியில் என்ன பெயர் ஆன்ட்டி?" என்று கேட்டாள். அண்ணி சொன்னாள். அவள் கன்னட எழுத்தில் 'தாய்மாமன்' என்று எழுதி, எதிரே 'வீட்டார் நேரில் போய் அழைத்தாயிற்றா?' என்று ஒரு கட்டம் போட்டுக்கொண்டாள்.